ஊசி போடாத மருமகள்

தனுசியாவுக்குக் குடும்பத்தில் ஒரு பட்டம் இருந்தது. ஊசி போடாமல் பிள்ளை பெற்றவள். பட்டம் கொடுத்தவர் மாமியார் செல்வமலர். ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரில் எந்தத் தமிழ் வீட்டில் குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு நடந்தாலும், சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்ததும் செல்வமலர் தொடங்கிவிடுவார்.

"இப்பத்தைப் பிள்ளையள் சாடையா நொந்த உடனை முதுகிலை ஊசி கேக்குதுகள். எங்கட தனுசியா ஒரு சத்தம் போடேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு பெத்தவள்."

எல்லோரும் தனுசியாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். தனுசியா தட்டில் இருக்கும் வடையைப் பார்ப்பாள். ஏனென்றால் தன் பிரசவத்தன்று அவள் ஊசி கேட்டுக் கத்தியது அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். முதுகில் ஊசி போட்டு விறைக்கப் பண்ணும் டொக்டர் வேறொரு அவசர ஒபரேசனில் நின்றார். அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளையின் தலை வந்துவிட்டது. அவளுடைய கணவன் நிரோஜன் தாய்க்கு ஃபோன் எடுத்து "ஊசி போடேல்லை அம்மா" என்றான். அது பொய்யில்லை. மிச்சத்தைச் செல்வமலர் தானாகவே கட்டி எழுப்பினார், தனுசியா வாயைத் திறக்கவில்லை. தேடிவந்த பட்டத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பிறகு கஜந்தி வந்தாள். நிரோஜனின் தம்பி சாருஜன் பருத்தித்துறையில் கலியாணம் கட்டிக் கூட்டிவந்த பெண். வந்த கையோடு வீட்டில் தனுசியாவிடம் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாய் அவள் பக்கம் போனது. புட்டுக் குழைத்தால் "கஜந்தியின்ரை கைப்பக்குவம்". கோயிலில் தேவாரம் பாடினால் "என்ன குரல் பிள்ளைக்கு". இங்கேயே பிறந்து வளர்ந்து, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, மாமிக்கு வரும் டேனிஷ் கடிதங்களையெல்லாம் தமிழில் வாசித்துச் சொல்லுகிற தனுசியாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஊசிப் பட்டம் ஒன்றுதான்.

இப்போது கஜந்தி பிரசவ அறையில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாருஜன் கடலில் காற்றாலைகளைத் திருத்தும் கப்பலில் இருந்தான். சொன்ன நாளுக்கு முந்தியே நோவு வந்துவிட்டதால் துணைக்குத் தனுசியா வந்திருந்தாள். மருத்துவிச்சி மெட்டே நல்ல மனுசி. வீடியோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம், அதுதான் முறை என்று டெப்லெட்டைக் காட்டினாள். "தேவையில்லை, நான் இருக்கிறேன்" என்றாள் தனுசியா. வீட்டு விசயத்துக்குள் அந்நியர் எதற்கு என்பது நம்மவர்களின் பழக்கம். அதில் எத்தனை கேடு இருக்கிறது என்று அவளே பிறரிடம் சொன்னதுண்டு.

மத்தியானம் நோவு இறுகியது. கஜந்தியின் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, என்னாலை ஏலாது. அந்த ஊசியைப் போடச் சொல்லுங்கோ."

தனுசியா உடனே திரும்பவில்லை. உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது, அது எந்தப் பக்கம் போட்டாலும் நட்டமாகவே வந்தது. இவள் ஊசி போடாமல் பெற்றால் பட்டத்துக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள். குரலும் கைப்பக்குவமும் போதாதென்று அதுவும் இவளுக்கே. ஊசி போட்டுப் பெற்றாலோ, தான் பட்ட பாட்டில் கால்வாசிகூடப் படாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்த இரண்டாவதுதான் அவளுக்குக் கூடுதலாக எரிந்தது. கதவு சற்றே திறந்திருந்தது. வெளியே நடையில் விறைக்கப் பண்ணும் டொக்டர் ஒரு தாதியோடு சிரித்துப் பேசியபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். தான் கத்திக் கத்திக் கூப்பிட்டும் வராத ஆள், இவளுக்கென்றால் வாசலிலேயே காவல் நிற்கிறாரே என்று அவளுக்கு வயிறு பற்றியது.

"என்ன சொல்லுகிறாள்?" என்று மெட்டே கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறாளாம்" என்றாள் தனுசியா, நல்ல சுத்தமான டேனிஷில்.

மெட்டே தலையாட்டி, கஜந்தியின் இடுப்பில் சுடுதண்ணிப் பையை வைத்துவிட்டு, மற்ற அறையை எட்டிப் பார்த்துவர வெளியே போனாள். கஜந்தி தனுசியாவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த நோவு வந்து அந்தப் பார்வையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த நோவுகள் பொல்லாதவை. கஜந்தி சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தனுசியாவின் கையை நெரித்துக்கொண்டு, மூச்சை மட்டும் விட்டாள். செல்வமலர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்தக் கதை இப்போதுதான் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது என்று தனுசியாவுக்குப் பட்டது. கதை தன்னுடையது, நடத்துகிறவள் இவள்.

நோவு தணிந்த இடைவெளியில் கஜந்தி கேட்டாள்.

"நீங்கள் என்னண்டு அக்கா தாங்கினனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோவன்."

கேலியில்லை, குத்தலில்லை. உண்மையாகவே கேட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்து, நன்றாகவே தெரிந்தும், இன்னொருத்தியைத் தவிக்கவிட்டு நிற்கிறோமே என்று தனுசியாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கையை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். நடையில் எதிர்ப்பட்ட மெட்டேயின் கையைப் பிடித்தாள்.

"ஊசி வேணுமாம். இப்பவே. அப்போதே கேட்டவள், நான்தான் சொல்லவில்லை."

மெட்டே அவளை ஒரு கணம் பார்த்தாள். டொக்டரை அழைத்துக்கொண்டு உள்ளே போய், இந்த முறை டெப்லெட்டைத் தானே எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டாள். தனுசியா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அங்கே அவளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஊசி வேலை செய்தது. கஜந்தியின் முகத்தில் இறுக்கம் விட்டது. அவள் கண்ணயர்ந்தாள். பிள்ளை பெறும் கட்டிலில் கிடந்து ஒருத்தி குறட்டை விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. செய்தது சரிதான் என்று தனுசியாவுக்குத் தெரியும். ஆனாலும் எரிந்தது. சரியானதைச் செய்தால் எரிச்சல் நின்றுவிடும் என்று யாரோ தெரியாமல்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னேரம் ஆண் குழந்தை பிறந்தது. மெட்டே அவனைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் கிடத்திவிட்டுப் போனாள். அறையில் மூவரும் தனியே இருந்தார்கள்.

"அக்கா" என்றாள் கஜந்தி, பிள்ளையின் தலையைத் தடவியபடி. "பொறுக்கிறதுக்கு டேனிஷிலை என்ன சொல் எண்டு எனக்குத் தெரியும். வகுப்பிலை முதல் கிழமையே படிப்பிச்சவை. இந்த நாட்டிலை எங்கை போனாலும் அதைத்தானே சொல்லுகினம்."

தனுசியா கட்டிலுக்குக் கிட்டப் போனாள்.

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீ?"

"எனக்கும் உங்களைப் போலப் பேரெடுக்க ஆசை. வந்த நாளிலை இருந்து மாமிக்கு உங்கட கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல். சரி, நானும் பொறுத்துத்தான் பாப்பமே எண்டு விட்டன்."

என்மேல் இவளுக்கு எரிச்சலா? தனுசியாவுக்கு அதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. செல்வமலர்தான். வீட்டில் கஜந்திக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தவர், பேரன் பிறந்த செய்தி எட்டியதும் பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டார். தனுசியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளையும் தாயும் சுகமே? அவள் ஊசி போட்டவளே?"

கஜந்தி தனுசியாவைப் பார்த்தாள். பதிலை அவளிடமே விட்டுவிட்டாள்.

"போட்டவள் மாமி" என்றாள் தனுசியா. அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டம் பத்திரமாக இருந்திருக்கும். "நானும் அண்டைக்குக் கேட்டனான் மாமி. குளறிக் குளறிக் கேட்டனான். டொக்டர் நேரத்துக்கு வரேல்லை. அதாலைதான் போடேல்லை."

மறுமுனையில் அரைக்கும் சத்தம் நின்றது. மூன்று வருடமாக முப்பத்தொன்று நடந்த வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கிய பெயர் இப்போது என்ன ஆகப்போகிறதோ என்று தனுசியா காத்து நின்றாள்.

"அதுக்கென்ன பிள்ளை" என்றார் செல்வமலர். "ஏன் சும்மா கிடந்து நோக வேணும்? அதை விடு, பேரன் ஆரை மாதிரி?"

அரைக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. கஜந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனுசியாவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. ஒருவரும் பிடுங்க வராத பட்டத்துக்காகவா இவ்வளவு பாடு என்று நினைத்தபடி குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். அந்த மூக்கு, அந்த நாடி, அப்படியே செல்வமலர். தனுசியாவின் மகளிடம் மாமியின் சாயல் மருந்துக்கும் கிடையாது.

"உங்களை உரிச்சு வைச்சிருக்கு மாமி" என்று சொன்னாள். சொல்லும்போதே வயிற்றில் பழையபடி எரிந்தது.