எட்டாம் லயத்து நீல விளக்கு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், எட்டாம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கடல் மீன்கள் மூடுபனிக்குள் நீந்திப் போனது ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு. லயத்துச் சனம் முழுவதும் பார்த்திருப்பதால் இதில் வாதம் பண்ண ஒன்றுமில்லை. மஞ்சள் மீன்தான் முன்னால் போனது என்று லெட்சுமியும், இல்லை, வெள்ளைக் கோடு போட்டதுதான் என்று கங்காணி அழகையாவும் இன்றைக்கும் அடித்துப் பேசுவார்கள். சண்டை அவ்வளவோடு சரி.

மீன்களைக் கொண்டுவந்தவன் புவனேந்திரன். நீர்கொழும்பில் ஸஹாப்தீன் முதலாளியின் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்தவன். முதலாளி கடையை மூடிவிட்டு மகளிடம் வெளிநாடு போனபோது, இவன் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொண்ட பவளத் தொட்டியை இவனுக்கே கொடுத்துவிட்டார். கண்ணாடித் தொட்டி, கடல் உப்பு மூட்டை, தொட்டி நீளத்துக்கு ஒரு எல்ஈடி விளக்கு, கரண்ட் போனால் போட ஒரு த்ரீவீலர் பெட்டரி, பைகளில் பவளங்களும் மீன்களும் எல்லாம் லொறியில் வந்து, றோட்டு முடிந்த இடத்திலிருந்து தலைச்சுமையாக லயத்துக்கு ஏறின. கல்யாணச் சாமான் வருகிறது என்றுதான் சனம் முதலில் நினைத்தது. விளக்கில் வெள்ளைக்கு ஒரு சுவிட்ச், நீலத்துக்கு ஒரு சுவிட்ச். வெள்ளையைப் போட்டால் அது வெறும் மீன் தொட்டி. நீலத்தை மட்டும் போட்டால் பவளங்கள் பச்சையும் செம்மஞ்சளுமாகத் தாமே எரிந்தன, மீன்களின் செதில்கள் தணல் போல மின்னின. முதல் நாள் நீலத்தைப் போட்டபோது அவனுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் சனம் நெருக்கியடித்து நின்றது. லெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடலைப் பார்க்காமலே வயதாகிவிட்ட சனம் அது. உலகத்தில் இப்படி ஒன்று இத்தனை நாளும் இருந்திருக்கிறதே என்பது அவர்களுக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிசகு நடந்தது மூடியில். விளக்கை உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட சில நாட்களிலேயே பவளங்கள் வெளிறத் தொடங்கின. வெளிச்சம் கூடிவிட்டது என்று புவனேந்திரனுக்குத் தெரியும், ஆனால் விளக்கை இன்னும் உயர்த்தத் தகரக் கூரை இடம் விடவில்லை. அவன் மனைவி சிவசக்தி தோட்டத்தின் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்பவள். "புதுத் தேயிலக் கன்ற எடுத்த எடுப்புல வெயில்ல வச்சா கருகாம என்னங்க செய்யும்?" என்று கேட்டுவிட்டு, மூங்கிலைப் பிளந்து வில்லாக வளைத்து, பொலித்தீனைப் போர்த்தி, நாற்றுமேடைக்குப் போடுகிற மாதிரியே தொட்டிக்கும் ஒரு கூடாரம் போட்டாள். வாரத்துக்கு வாரம் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிட்டாள். பவளங்களுக்கு நிறம் திரும்பியது. நாற்றுமேடையில் மீன் கிடையாது என்பதை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. கூடாரத்துக்குள் ஆவி அடைந்து, தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பனி திரண்டு நின்றது. மீன்கள் முதலில் வாயை மட்டும் நீட்டிப் பார்த்தன, பிறகு பாதி உடம்பு, பிறகு அந்தப் பனியிலேயே நீந்தப் பழகிவிட்டன. புவனேந்திரன் பொலித்தீனைக் கழற்றி எறிந்துவிட்டு, நுளம்பு கடிக்காமல் படுக்கைக்குக் கட்டுகிற வலையை ரீப்பர் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடி செய்தான். வலை வழியாக வெளிச்சம் இறங்கும், மீன் ஏறாது. ஆனால் பழகின பழக்கம் போகவில்லை. கதவு வழியாக மலைப் பனி உள்ளே வந்தால் போதும், மீன்கள் தண்ணீரை விட்டெழுந்து வலையை முட்டிக்கொண்டு நிற்கும். "வலைய மட்டும் எடுத்துராத சக்தி, அப்புறம் பதுளையிலதான் போய்ப் புடிக்கணும்" என்பான். இப்படியே வருடங்கள் போயின. விருந்தாளிகளைத் தவிர யாரும் அதை ஒரு செய்தியாகப் பேசுவதில்லை.

அந்த வாரம் மழை விடவே இல்லை. மலையிலிருந்து பீலியில் விழும் குடிதண்ணீர் சேறாக வந்தது, லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு ஓடியது. உடனே கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்துக்கு இறங்கச் சொல்லி அறிவித்தல் வந்தபோது, மழை நின்று பனி இறங்கியிருந்தது. அப்படி ஒரு பனியை யாரும் கண்டதில்லை. நீட்டிய கை தெரியவில்லை. பாதைக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அழகையா டோர்ச் அடித்துப் பார்த்தார், பனி இன்னும் வெள்ளையானதுதான் மிச்சம். கைக்குழந்தைக்காரிகள் அழ ஆரம்பித்தார்கள். மேலே மலை உறுமியது. புவனேந்திரன் விளக்கைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, பெட்டரியில் கொடுத்து, நீலத்தை மட்டும் போட்டு வாசலில் வந்து நின்றான். "சக்தி, வலைய எடு" என்றான். அவள் எடுத்தாள்.

மீன்கள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. நீல வெளிச்சம் பட்டதும் பனிக்குள் பச்சையும் செம்மஞ்சளுமாக எரிந்துகொண்டு, முழங்கால் உயரத்தில், பள்ளிக்கூடத்தை நோக்கி இறங்கின. பள்ளத்துப் பக்கம் காற்று பனியைக் கிழித்துக்கொண்டிருந்ததால் அங்கே நீந்த வழியில்லை. பனி அடர்ந்து கிடந்த பாதையை விட்டு அவை விலகவில்லை. அழகையா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தார், சனம் அவர் பின்னால் நடந்தது. அழுத பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு போயின. விளக்கை எதிலாவது சாய்த்துவிட்டுப் புவனேந்திரனும் வந்திருக்கலாம். ஆனால் பாதை வளைந்து வளைந்து இறங்கியது, மீன் போன பக்கமெல்லாம் வெளிச்சத்தைக் கையால்தான் திருப்ப வேண்டியிருந்தது.

"நீங்களும் வாங்க" என்றாள் சிவசக்தி.

"வெளக்கு விட்டுப்போனா மீனு மங்கிரும். நீ சனத்தோட எறங்கு. எல்லாரும் போய்ச் சேந்ததும் அணைச்சிட்டு வாறேன்."

எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அழகையா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் செய்வது போலப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு பேருக்கு மட்டும் பதில் வரவில்லை. அவர் இரண்டாம் தடவை கூப்பிடும்போது மலை இறங்கியது. எட்டாம் லயம் இருந்த இடத்தில் பிறகு மண்தான் இருந்தது. ஆர்மிக்காரர்கள் பல நாட்கள் தோண்டினார்கள். ஒரு ரீப்பர் துண்டுகூட அகப்படவில்லை. சிவசக்தி அந்த மண்மேட்டில் விழுந்து புரண்டு அழுதாள், அவளைத் தூக்க வந்த பெண்களும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

மீன்கள் மட்டும் மங்கவே இல்லை. கீழ் டிவிசனில் புது வீடுகள் கட்டிக் கொடுத்த பிறகும், பனி இறங்கும் நாளெல்லாம் அவை வருகின்றன, குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு. பள்ளிக்கூடம் விடும் நேரம் பனி மூடினால் பிள்ளைகள் அவற்றின் பின்னால்தான் வீட்டுக்கு வருகிறார்கள். கம்பஸிலிருந்து வந்த ஒரு ஆய்வாளர் ஆச்சரியப்பட்டு, தலையைச் சொறிந்து, நீல வெளிச்சம் விழாமல் இவை இப்படி ஒளிர முடியாது, விளக்கு எங்கே என்று கேட்டார். பெண்கள் மேலே அந்த மண்மேட்டைக் காட்டிவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள்.

பனி நாட்களில் கடைசிப் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்ததும் சிவசக்தி வாசலுக்கு வருவாள். மலையைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்க, அணைச்சிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொல்வாள். மீன்கள் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும்.

"சொன்னா கேக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போவாள்.