அடிச்சாராம்

மாலைப் பத்திரிகை ஆபீசில் அவருக்கு ‘ராம் சார்’ என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நிருபர்கள் வைத்தது. யார் எதை எழுதிக் கொண்டுவந்தாலும் ‘போனாராம்’, ‘சொன்னாராம்’ என்று வாலில் ஒன்றை ஒட்டாமல் விடமாட்டார்.

அன்றைக்குப் பிரபலப் பாடகர் ஒருவர் மீது அவர் மனைவி போலீசில் புகார் கொடுத்திருந்தாள். ‘மனைவியை அடித்தார்’ என்று நிருபர் பெண் எழுதியிருந்ததை ‘அடித்தாராம்’ என்று திருத்தினார்.

“சார், முகம் வீங்கின போட்டோ இருக்கு சார்.”

“போட்டோவுல அடி தெரியுதும்மா. அடிச்ச கை தெரியலையே?”

அறையே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. விசாரணையே தொடங்காத விஷயம், பத்திரிகைக்கு அவர் செய்தது சரிதான். ஆனால் அந்தச் சிரிப்பில் அவருக்கு உச்சி குளிர்ந்து போனதே, அதுதான் சரியில்லை.

வீடு திரும்பியபோது தங்கை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காலையில் பையும் கையுமாக வாசலில் வந்து நின்று, “அவர் அடிச்சுட்டார்ணே” என்றவள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “உள்ள போ, வந்து பேசிக்கலாம்” என்று ஓடியிருந்தார்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. “உன் தங்கச்சி எதுக்குடா வந்திருக்கா? என் போனையே எடுக்க மாட்டேங்கிறா.”

“மாப்பிள்ளை அடிச்சாராம்மா.”

“அடிச்சாராமா? நீ பார்த்தியா?”

“நான் எங்க பார்த்தேன்?”

“அப்ப ஊதிப் பெருசாக்காத. நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வா.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

குழாய்ச் சத்தம் நின்றது. தங்கை ஈரக் கையோடு வந்து மூலையில் கிடந்த பையைத் தூக்கினாள்.

“நாளைக்கு எதுக்கு, இப்பவே போறேன். அவர் என்ன உன் பேப்பர்ல வர்ற பெரிய மனுஷனா அண்ணே? ‘அடிச்சார்’னு சொன்னா உன் வாய் வலிக்குமா?”

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் விரல் விரலாகத் தடித்துக் காதுவரை சிவந்திருந்தது. அடித்த கை அப்படியே தெரிந்தது.

பையை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை அடிச்சார்மா. இவ எங்கேயும் போகமாட்டா.”

“இப்பத்தானேடா பார்க்கலைன்னே?”

காலையில் வாசலில் நின்றதும் இதே முகம்தான்.

“இப்பத்தாம்மா பார்த்தேன்” என்றார்.