கிழியாத சட்டையில் ஒட்டு

அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். லோஜனுக்குப் பவிசு வந்தபோது கொட்டுகிற மழையிலும் குடை பிடிக்க மாட்டேன் என்று நின்றான்.

பூண்டுலோயாவிலிருந்து வந்த பஸ், இராணுவத்திலிருந்து லீவில் வந்த அவனைத் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இறக்கிவிட்டபோது ஐப்பசி மழை சாத்திக்கொண்டிருந்தது. அம்மா காளியாயி குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யூனிபோம்ல குடை பிடிக்கக்கூடாதும்மா."

"யார்ரா சொன்னது?"

"ஆமி சட்டம்."

"சட்டம் எழுதினவன் நம்ம மலைப்பக்கம் வந்திருக்க மாட்டான். சளி புடிச்சிக்கும், வாடா உள்ள."

அவன் வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கையை வீசி, கோயில் தேருக்கு முன்னால் போகிறவன் மாதிரி நடந்தான். காளியாயி ஒரு கணம் யோசித்தாள். இவன்தான் நனைவேன் என்கிறான், பை என்ன பாவம் செய்தது? பையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்து, அதற்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். லயத்து வரிசையில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பை காய்ந்திருந்தது. மகன் தும்மிக்கொண்டிருந்தான்.

பையைக் காப்பாற்றியது நல்லதாகப் போயிற்று. அதற்குள்தான் லோஜனின் ரகசியம் இருந்தது. அவன் லான்ஸ் கோப்ரல் ஆகிவிட்டான், படையில் முதல் பதவி உயர்வு. புதுச் சட்டையின் கையில், கவிழ்த்துப் போட்ட கூரை மாதிரி ஒரு பட்டி தைத்திருந்தார்கள். தையல்காரன் அவசரக்காரன், பட்டியின் ஒரு முனை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் பட்டி பட்டிதானே. மாவட்ட அணிவகுப்புக்காக நுவரெலியாவுக்குப் போகும் இராணுவ ட்ரக், மூன்றாம் நாள் காலை தோட்டத்துச் சந்தியில் நின்று அவனை ஏற்றிக்கொள்ளும். அன்றைக்குப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் நிற்க வேண்டும், அவள் வாயைப் பிளக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகத்தான் பட்டி தைக்காத பழைய யூனிபோம் சட்டையில் ஊருக்கு வந்திருந்தான். கணக்குப் பார்த்தால் அதுவும் சட்டப்படி குறைதான். தன் குறை மட்டும் யார் கண்ணுக்குத்தான் தெரிகிறது?

பட்டிக்கு ஒரு ஆபத்தும் இருந்தது. ஒரு முறை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் லோஜன் யூனிபோமோடு நடந்துகொண்டே வடை தின்றதைக் கெப்டன் ஹேரத் பார்த்துவிட்டார். பட்டியைக் கொடுத்த அன்றைக்கே அவர் சொல்லி வைத்தார்: "இன்னொரு தடவை உன் உடுப்பில் குறை கண்டால் இதை நானே பிரித்து எடுப்பேன்."

அதிலிருந்து லோஜனுக்கு உடுப்புப் பைத்தியம் பிடித்தது. வீட்டில் இருந்த இரண்டு நாளும் லயம் முழுக்க உபதேசம். சட்டைப் பையில் கை விடக்கூடாது, யூனிபோமோடு எதையும் மெல்லக்கூடாது, ஆமிக்காரன் இல்லாதவன் ஆமித் துணியைத் தொடவே கூடாது. த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிற சின்னராசா பச்சைப் புள்ளி போட்ட ஆமித் தொப்பி ஒன்றை ஆசை ஆசையாக வைத்திருந்தான். நடுச் சந்தியில் வைத்து லோஜன் அதைக் கழற்ற வைத்தான்.

"கேஸ் போடுவாங்க அண்ணே. வெளையாட்டு இல்ல."

சின்னராசா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். ஒன்றும் பேசாதவன் எதையும் மறக்க மாட்டான் என்பது லோஜனுக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை, லோஜன் போர்வைக்குள் சுருண்டு கிடக்கையில் காளியாயி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் குளிருக்கும் அட்டைக் கடிக்கும் பயந்து சேலைக்கு மேல் ஒரு பழைய ஆம்பிளைச் சட்டையை மாட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். காளியாயியின் மலைச் சட்டை, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் புருஷனுடையது. அது அன்றைக்கு முதுகில் இரண்டாகக் கிழிந்துவிட்டது.

"ராசா, மலைக்குப் போட்டுக்க ஏதாச்சும் பழைய சட்டை இருக்காடா?"

"பையில ஒண்ணு இருக்கும்மா. எடுத்துக்க," என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவன் சொன்னது நீலக் கட்டம் போட்ட ஒரு சாதாரணச் சட்டையை. அம்மாவுக்கென்றே கொண்டுவந்தது. காளியாயி பையைத் திறந்தாள். நீலக் கட்டம் பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆமிச் சட்டை, நெஞ்சில் ஒரு துண்டுத் துணி, கையில் ஒரு துண்டு. எது பழசு என்று கண் உள்ள யாருக்கும் தெரியாதா?

லோஜன் எழுந்து முகம் கழுவி, காற்சட்டை போட்டு, சப்பாத்து மாட்டி, கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டு பைக்குள் கையை விட்டான். நீலக் கட்டம் வந்தது. மறுபடி விட்டான். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ஆணியில் பட்டியில்லாத சட்டை கத்தி முனை மாதிரி இஸ்திரி போட்டுத் தொங்கியது. அப்படியென்றால் அம்மா எடுத்துக்கொண்டு போனது பட்டிச் சட்டையை!

சட்டையில்லாமல் யூனிபோம் காற்சட்டையோடு வெளியே போகலாமா? கூடாது. மேலே வேறு சட்டை போடலாமா? அதைவிடக் கூடாது. ஆணியில் தொங்குவதைப் போட்டுக்கொண்டு பட்டியில்லாமல் கெப்டன் முன்னால் நிற்பதா? நானே பட்டியைப் பிரித்துக்கொண்டேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். போட்டதையெல்லாம் கழற்றி எறிந்து, சாரத்தையும் பனியனையும் மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மலையைப் பார்த்து ஓடினான். பாதி வழியில் சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது.

ரோட்டுக்கு மேலேயே இருந்த மலையில் பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் ஓர நிரையிலிருந்து ஜீவராணி குரல் கொடுத்தாள்.

"காளியாயி அக்கா, ஒங்க படையில ஆள் சேக்கிறீங்களான்னு கேக்க ஒருத்தர் வாறாரு!"

நடு நிரையில் காளியாயி நின்றாள். அட்டை ஏறாமல் இருக்கக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தாள். கை இரண்டும் மணிக்கட்டில் பூட்டியிருந்தன. படங்குக் கயிறு இடுப்பைச் சிக்கென்று பிடித்திருந்தது. அவன் முகாமில் ஒருத்தன்கூட இவ்வளவு ஒழுங்காக அதைப் போட்டதில்லை. லோஜன் சட்டைக் கையைப் பார்த்தான். அங்கே பட்டி இல்லை.

"அம்மா! கையில இருந்தது எங்க?"

"ஒட்டா? பெரட்டுல பேர் குடுக்க நிக்கையில பிரிச்சிட்டேன்டா," என்றாள் காளியாயி பெருமையோடு. "மொனை தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கிழிசல நல்லாத் தச்சுட்டு மறுபடி ஒட்டலாம்னு பாத்தேன். பாத்தா, கீழ கிழிசலே இல்ல! கிழியாத சட்டைக்கு எந்தப் பைத்தியக்காரன்டா ஒட்டுப் போட்டான்?"

நெஞ்சில் இருந்த ஒட்டை அவள் தொடவில்லை. அதில் எழுத்து இருந்தது. எழுத்தைப் பிரித்தால் சரஸ்வதி கோபிப்பாளாம். கையிலிருந்ததை வெற்றிலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. லோஜனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அம்மா, இது ஒட்டு இல்ல, என் பதவி" என்று கத்தப்போனான். கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது.

ட்ரக் முன்னதாகவே வந்துவிட்டது. சந்திக்குப் போகும் வழியில், கொழுந்துக் கூடையோடு ஓர் ஆமிச் சட்டை நிற்பதைக் கெப்டன் ஹேரத் கண்டுவிட்டார். ட்ரக்கை நிறுத்தி இறங்கி, விரலால் கூப்பிட்டார். தாயும் மகனும் ரோட்டுக்கு இறங்கினார்கள். சின்னராசாவின் த்ரீவீலும் அந்நேரம் பார்த்து அங்கே வந்து நின்றது. இப்படி ஒரு காட்சிக்கு அவன் தாமதிப்பானா?

கெப்டன் காளியாயியைக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை பார்த்தார். "உடுப்பில் ஒரு குறையும் இல்லை," என்றார் சிங்களத்தில். பிறகு சாரத்தையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்தார். "நீ யார்?"

ட்ரக்குக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"லான்ஸ் கோப்ரல் லோஜன், சேர்."

"பட்டி எங்கே, லான்ஸ் கோப்ரல்?"

லோஜன் உள்ளங்கையைத் திறந்து காட்டினான்.

"சாதாரண ஆட்கள் இந்தச் சட்டையைப் போட்டால் என்ன ஆகும், தெரியுமா?"

லோஜன் வாய் திறக்குமுன் சின்னராசா நல்ல சிங்களத்தில் முந்திக்கொண்டான். "அவருக்கு நல்லாத் தெரியும் சேர். முந்தாநாள் என் தொப்பியக் கழட்டினதே அவர்தான்."

"என்னடா சொல்றாரு தொரை?" என்று கேட்டாள் காளியாயி. மகனின் முகம் செத்துப்போயிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். பதிலுக்குக் காத்திராமல் கெப்டனிடமே பேச ஆரம்பித்தாள். "மாத்தயா, அவன் மேல தப்பு இல்லங்க. பழசு ஒண்ணு எடுத்துக்கன்னான். எங்க வீட்டுல ஒட்டுப் போட்டதெல்லாம் எனக்கு, ஒட்டுப் போடாததெல்லாம் அவனுக்கு. அவன் பொறந்ததுல இருந்து அப்புடித்தாங்க. இதுல புதுசா என்ன கேக்க இருக்கு? நல்லத இஸ்திரி போட்டு அவனுக்கு மாட்டி வச்சிட்டுத்தாங்க வந்தேன்."

"என்ன சொல்கிறார்?" என்றார் கெப்டன் லோஜனிடம்.

மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒட்டுப் போட்டது அம்மாவுக்கு என்ற இடம் வரைக்கும் லோஜன் சரியாகத்தான் சொன்னான். அதற்கு மேல் சிங்களம் வரவில்லை, தமிழும் வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் தன் வெள்ளைச் சட்டை ஒன்றில்கூட ஒட்டு இருந்ததில்லை என்பது இத்தனை வருஷம் கழித்து, ஒற்றைச் செருப்போடு நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கெப்டனைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது, அம்மாவைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

கெப்டன் ஹேரத் காளியாயியைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிடம்," என்றார். "முழு உடுப்பு. பட்டியோடு."

காளியாயி சட்டையைக் கழற்றி உதறிக் கொடுத்தாள். லோஜன் அதை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் பறந்தான். திரும்பி வந்தபோது சப்பாத்து, தொப்பி, சட்டை எல்லாம் ஏறியிருந்தன. கையில் நீலக் கட்டச் சட்டையும் இருந்தது. படங்கு தைக்க வைத்திருந்த ஊசியையும் நூலையும் ஜீவராணி நீட்டினாள். கழற்றித் தைக்க நேரம் இல்லை. பட்டியை அவன் சட்டைக் கையில் வைத்த காளியாயி நிறுத்தினாள்.

"உடம்புல போட்ட சட்டையச் சும்மா தைக்கக்கூடாது. வாயில எதையாச்சும் கடிச்சுக்க." சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்து அவன் பல்லிடுக்கில் சொருகினாள்.

யூனிபோமோடு எதையும் மெல்லக்கூடாது. லோஜனுக்கு ஹட்டன் வடை ஞாபகம் வந்தது. கண்ணை மட்டும் திருப்பிக் கெப்டனைப் பார்த்தான். கெப்டன் எதிர் மலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, பனிமூட்டம்தான்.

பட்டியைக் கூரை மாதிரி முகடு மேலே இருக்க வைத்து முதல் தையல் போடப்போனாள் காளியாயி. "அம்மே," என்றார் கெப்டன் மலையைப் பார்த்தபடியே, விரலைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துக் காட்டி.

"கூரைய யாராச்சும் கவுத்துப் போடுவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே திருப்பி வைத்துத் தைத்தாள். முனை அசையவில்லை. கெப்டன் கிட்ட வந்து நகத்தால் ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏறு," என்று மட்டும் சொன்னார். கொழுந்தைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் லோஜன் விழுங்கினான்.

நீலச் சட்டையை அம்மாவிடம் நீட்டினான். "இதத்தாம்மா பழசுன்னேன். ஒனக்குக் கொண்டாந்தது."

அவள் சட்டைக் கையைப் புரட்டினாள், முதுகைப் புரட்டினாள். "ஒட்டே இல்லையேடா. இது எப்புடிப் பழசு?"

லோஜன் சட்டையை அவள் தோளில் போட்டுவிட்டு ட்ரக்கில் ஏறினான்.

அடுத்த லீவில் லோஜன் முழு யூனிபோமில், பட்டியோடு வந்து இறங்கினான். அன்றைக்கும் மழை. சந்திக்கு வந்தால் அம்மா மலையிலிருந்து நேராகவே இறங்கி வந்திருந்தாள். நீலக் கட்டச் சட்டையில்தான் இருந்தாள். அதன் கையில் மஞ்சள் படங்குத் துணியில் ஒரு ஒட்டு இருந்தது, கூரை மாதிரி, முகடு மேலே பார்க்க.

"கிழிஞ்சிருச்சாம்மா?"

"கிழியலடா. ஒட்டில்லாத சட்டையப் போட்டா உடம்பு கூசுது. அதான் ஒண்ணு போட்டுக்கிட்டேன். ஒன்னோடது மாதிரியே இருக்கா?"

முகடு தலைகீழாக இருந்தது. லோஜன் அதைச் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த குடையை வாங்கி அவள் தலைக்கு மேலே பிடித்து, தான் வெளியே நனைந்தபடி நடக்க ஆரம்பித்தான்.

காளியாயி பதறிப்போனாள். "டேய், யூனிபோம்ல குடை பிடிக்கக்கூடாதுன்னியே! தொரை பாத்தா பட்டி போயிருமேடா!"

"எனக்குத்தாம்மா பிடிக்கக்கூடாது. என்னவிடப் பெரிய ஆளு யாராச்சும் கூட வந்தா பிடிக்கலாம்."

எந்தப் பெரிய ஆள் வருகிறார் என்று காளியாயி ரோட்டில் முன்னும் பின்னும் பார்த்தாள்.