வருவதற்கு மட்டும் ஒரு டிக்கெட்

அக்கா வருகிறாள் என்பதைவிட, மலிவாக வருகிறாள் என்பதுதான் செவஸ்தியை உறுத்தியது.

"நானூத்திப் பத்து யூரோ டீ! டார்வின்லேர்ந்து ஏதென்ஸ் வரைக்கும்!" போனில் தெமெலினாவின் குரல் துள்ளியது. "பாதி உலகத்தைச் சுத்தி வர்றேன். இந்தக் காசுக்கு உன்னால ஏதென்ஸ்ல நாலு நாள் ஓட்டல்ல தங்க முடியுமா சொல்லு."

"போக வரவா?"

மறுமுனையில் சத்தம் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து குரல் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பது செவஸ்திக்குத் தெரியும். இது அந்தத் தாமதம் இல்லை.

"வர மட்டும்," என்றாள் தெமெலினா. "இந்தக் கம்பெனில ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாத்தான் விப்பான். திரும்பிப் போறதை அப்புறம் பாத்துக்கலாம்."

செவஸ்தி போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். போன வசந்தத்தில் அவளே சுண்ணாம்பு அடித்த சுவர். துறைமுகத்துக்கு மேலே, படிக்கட்டுச் சந்தின் முனையில் இருக்கும் இந்த மாடி வீட்டில் அவள் பூசாத சுவர் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பத்திரம் தெமெலினாவின் பெயரில் இருந்தது.

கிரேக்கத்தின் இந்தக் களிம்னோஸ் தீவில் வீடு பெண்ணோடு போகும், அதுவும் மூத்தவளோடு. தெமெலினாவுக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணமானபோது அம்மா வீட்டை அவள் பெயருக்கு எழுதினாள். மாப்பிள்ளை, டார்வினுக்குப் போய்ச் சம்பாதித்த களிம்னோஸ்காரன். லீவு முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். வீடு இங்கேயே நின்றது. அம்மாவும் இங்கேயே. இருவரையும் பார்த்துக்கொள்ளச் செவஸ்தியும் இங்கேயே.

எட்டு வருடங்களுக்கு முன், அம்மாவை அடக்கம் செய்த அன்று, தெமெலினா போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "எனக்கு ரெண்டும் பையன். வீட்டை நீயே வெச்சுக்கோ. உன் பொண்ணுக்குக் குடு." சொன்னதோடு சரி. நோட்டரியிடம் போய் எழுத யாருக்கும் கை வரவில்லை. துக்க வீட்டில் எப்படிப் பத்திரத்தைக் கேட்பது? பிறகும் கேட்கும் நேரம் வரவில்லை.

இப்போது செவஸ்தியின் மகள் கலோதினாவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தடவை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விசாரிப்பதுபோல, "வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

"அக்கா கல்யாணத்துக்கு வர்றா. இதுல என்ன யோசனை உனக்கு?" என்றான் செவஸ்தியின் கணவன் மிக்கெஸ்.

"கல்யாணம் செப்டம்பர்ல. அவ ஜூன்ல வர்றா."

"மலிவா கிடைச்சிருக்கு, முன்னாடியே வர்றா."

"யாரு, தெமெலினாவா? மலிவுன்னு ஒண்ணைப் பாத்து மயங்குறவளா அவ? மீன்காரன்கிட்ட அவ பேரம் பேசினா, அவனே வெறுத்துப்போய் ரெண்டு மீனைக் கூடப் போட்டுட்டு ஓடுவான். உனக்கு மறந்துபோச்சு."

"அடுத்தவ சந்தோஷமா இருந்தா உனக்கு ஆகாது."

"சும்மா இரு மனுஷா."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு போனிலும் அந்த மலிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பெட்டிக்குத் தனிக் காசாம். சாதாரணச் சீட்டில் உட்காருவதற்கே தனிக் காசாம். சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். அப்புறம் சிங்கப்பூர். முதல் விமானம் மத்தியானம் இறக்கிவிடும், அடுத்தது மறுநாள்தான். ஓட்டல் செலவு அவள் தலையில். ஒவ்வொன்றையும் தெமெலினா சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் செவஸ்தியால் தாங்க முடியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவள் இப்படியா சிரிப்பாள்?

அக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கச் சகெல்லாரிஸ் கடைக்குப் போனாள். முன்பெல்லாம் விமான டிக்கெட்டும் அவனிடம்தான் எடுப்பார்கள். ஊரே போனில் வாங்கப் பழகிய பிறகு அவனுக்குக் கப்பல் டிக்கெட் மட்டும் மிச்சம். சுவரில் பழைய விமானப் படங்கள் வெயிலில் வெளுத்துத் தொங்கின. மலிவு விமானம் என்று காதில் விழுந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எத்தனை பெட்டி?"

"ரெண்டு. ஒவ்வொண்ணும் முப்பது கிலோ, அண்ணே."

சகெல்லாரிஸ் ஒரு விசில் அடித்தான். கணக்குப் போடும்போது அவன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. "எண்ணூத்தி நாப்பது. ஒரு பக்கத்துக்கு! இன்னும் ஒரு முந்நூறு போட்டிருந்தா நல்ல கம்பெனில போக வர ரெண்டுக்கும் நான் எடுத்துக் குடுத்திருப்பேன். பெட்டி, சோறு, போத்திக்கக் கம்பளி, எல்லாம் அதுலயே. ஒரு விமானம் லேட்டாகி அடுத்ததை விட்டா அவனே ஓட்டல் போட்டுக் குடுப்பான். இவன் என்ன பண்ணுவான்? 'அது உன் பாடு'ன்னு கதவைச் சாத்திடுவான். உங்கக்காவை நல்லா ஏமாத்திட்டாங்க செவஸ்தி."

"எங்கக்காவை இதுவரைக்கும் யாரும் ஏமாத்தினதில்ல."

"காலம் மாறிப்போச்சு தாயே."

வீட்டுப் படிகளில் ஏறும்போது அந்த எண்ணூற்று நாற்பது அவளுடனேயே ஏறியது. தெமெலினாவுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்தே கொடுத்திருக்கிறாள் என்றால், அந்தக் காசுக்கு அவள் எதை வாங்கினாள்? பாதி வழியில் நின்றபோது அது பிடிபட்டது. போக வர டிக்கெட்டில் திரும்பும் தேதி அச்சாகியிருக்கும். எப்போ போறே என்று யாரும் கேட்கலாம், அவளும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த டிக்கெட்டில் அது இல்லை. தேதி சொல்லாமல் இருப்பதற்காக அக்கா காசு கொடுத்திருக்கிறாள்.

ஜூன் நடுவில் ஒரு காலை, கப்பல் பின்பக்கக் கதவைத் திறந்ததும், இரண்டு பெரிய பெட்டிகளோடு தெமெலினா இறங்கினாள். கால் வீங்கியிருந்தது. கறுப்பு உடுத்தியிருந்தாள். புருஷன் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு உடனே பசி என்றாள்.

"தண்ணிக்குக்கூடக் காசு கேட்டான் டீ. கட்டின சோறு ஒரு வேளைக்குத்தான். பக்கத்துச் சீட்டுக்காரன் வழி முழுக்க பிஸ்கட் தின்னான். நான் அவன் வாயையே பாத்துட்டு வந்தேன். கடைசில அவனுக்கே பாவமாயிருச்சு, ஒண்ணு குடுத்தான். அதுவும் உடைஞ்சது."

மிக்கெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். செவஸ்தி வாற்கோதுமை ரஸ்க்கை நனைத்து, தக்காளியும் வெங்காயமும் ஆக்டோபஸ் துண்டுகளும் போட்டு ஒரு பெரிய கிண்ணம் வைத்தாள். அக்கா சாப்பிடச் சாப்பிட, பெட்டிகளைப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தபோது தோள் இறங்கிவிட்டது. மூன்று மாத விருந்தாளியின் கனம் இல்லை அது.

மறுநாளிலிருந்து தெமெலினா வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். கூரைக்குக் கடைசியாக எப்போது தார் பூசினீர்கள் என்று கேட்டாள். கீழ்த்தளத்து அறையைத் திறந்து, மிக்கெஸ் குவித்து வைத்திருந்த வலைகளுக்கும் பழைய படகு மோட்டாருக்கும் நடுவே வெகுநேரம் நின்றாள். "இங்க வெயில் வருமில்ல?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

அவளுடைய துணிகளை அலமாரியில் மாட்டும்போதுதான் செவஸ்தி அந்தக் கோட்டைப் பார்த்தாள். கனத்த கம்பளிக் கோட்டு. காலர் உயரமானது. விலைச்சீட்டு இன்னும் பிரிக்கவில்லை. டார்வினில் குளிர்காலமே கிடையாது என்று தெமெலினாவே முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வருடம் முழுக்கப் புழுக்கம், இல்லாவிட்டால் மழை.

"கோட்டு எங்க வாங்கினே அக்கா?"

"சிங்கப்பூர்ல. அங்கதான் ஒரு நாள் சும்மா கிடந்தேனே." தெமெலினா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "தள்ளுபடி."

செவஸ்தி மிக்கெஸிடம் கிசுகிசுத்தாள்: "கோட்டு வாங்கிட்டு வந்திருக்கா. குளிர்காலத்துக்கு இருக்கப் போறா."

"இருந்தா என்ன? அவ வீடுதானே," என்றவன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வலையைத் தைக்க வெளியே போய்விட்டான்.

ஒரு வாரம் பொறுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா வந்த அன்றுதான் எல்லாம் கொதித்தது. வந்தவள் தெமெலினாவின் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்துவிட்டு, கல்யாணம் முடிந்ததும் கிளம்பிவிடுவாயா என்று நேராகவே கேட்டாள். "பாக்கலாம்," என்றாள் தெமெலினா. அந்தம்மா காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதன்பிறகு சகோதரிகள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். செவஸ்தியின் சுருள்கள் ஒவ்வொன்றும் கல்லாக இறுகின.

"திரும்பிப் போற டிக்கெட் எப்போ எடுக்கப் போறே?"

"விலை இறங்கட்டும்."

"அந்தக் கதையை மிக்கெஸ்கிட்ட சொல்லு. சகெல்லாரிஸ் கணக்குப் போட்டுட்டான். இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா ரெண்டு பக்கமும் வந்திருக்கும். நீ மலிவா வரல."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாங்கினப்பவே தெரியும் டீ. நான் என்ன பச்சக் குழந்தையா?" தெமெலினா கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். "பையன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, திரும்பி வர்ற தேதி சொல்லும்மான்னான். ரெண்டு தடவை கேட்டான். எனக்கு வாயில வரல. சரி, அந்த மலிவுக் கம்பெனில எடுத்துரு, அதுல தேதி கேக்கமாட்டான்னேன்."

"ஏன் வரல?"

"எங்க திரும்பறது? டார்வின் வீட்டை வித்தாச்சு. ஒருத்தன் பெர்த்ல, ஒருத்தன் பிரிஸ்பேன்ல. பங்கைக் குடுத்துட்டேன். மருமகளுங்க நல்ல பிள்ளைங்கதான். எனக்குன்னு ரூம் இருக்கு, அதுல அவங்க சைக்கிளும் இருக்கு."

செவஸ்திக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. அதனாலேயே இன்னும் பயம் கூடியது. "அதான் என் பொண்ணு வீட்டை எடுத்துக்க வந்தியா?"

"உன் பொண்ணு வீடா?"

கேட்ட வேகத்திலேயே தெமெலினாவுக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் கேட்டாகிவிட்டது.

"பத்திரம் உன் பேர்லதான் இருக்கு," என்றாள் செவஸ்தி. "எனக்கும் தெரியும். கூரை ஒழுகினப்போ, பத்திரத்தைப் பாத்து ஒழுகல் நிக்கல. நான் ஏறித் தார் பூசினேன், நின்னுச்சு. அம்மாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போனப்பவும் பத்திரம் வரல."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை.

"வீட்டைக் கலோதினாவுக்கு எழுதிக் குடுக்கத்தான் வந்தேன்," என்றாள் தெமெலினா மெதுவாக. "கீழ் ரூம் மட்டும் எனக்கு வேணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. நீ முகத்தைச் சுளிச்சா, பேசாம ஒரு பக்க டிக்கெட்டை எடுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

"கீழ் ரூம் மட்டுமா?"

"மட்டும்."

"இங்க பாரு, உன் கம்பெனிக்காரன் மாதிரி ஒவ்வொண்ணாச் சேத்துட்டே போகக் கூடாது. இன்னிக்குக் கீழ் ரூம், நாளைக்கு மேல் ரூம்னு. மொத்தத்தையும் இப்பவே சொல்லிடு."

தெமெலினா உண்மையாகவே யோசித்தாள். "மொட்டைமாடில துணி காயப்போடணும். காலையில உன்னோட காப்பி. தனியாக் குடிச்சா இறங்க மாட்டேங்குது. கல்யாணத்தன்னிக்கு என்னை ஊர்க்காரங்க மேசையில உக்கார வெச்சுடாதே."

"வேற?"

"செத்தா அம்மா பக்கத்துல."

"அது பாதிரியார் பாடு. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல டீ!"

செவஸ்தி நம்பவில்லை. இவ்வளவு குறைந்த விலைக்கு யாரும் வீட்டைக் கொடுப்பதில்லை. அந்த வாரம் முழுவதும், இன்னொன்று வரும் என்று காத்திருந்தாள். மிக்கெஸ் முணுமுணுத்துக்கொண்டே வலைகளை அப்புறப்படுத்தினான். தெமெலினா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை எல்லோரும் நோட்டரியம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். கலோதினா, அவளுடைய மாப்பிள்ளை நிக்கித்தாஸ், மிக்கெஸ், சகோதரிகள். நோட்டரியம்மா பத்திரத்தை வாசித்தாள். செவஸ்தி ஒவ்வொரு சொல்லையும் காதால் பிடித்து வைத்துக்கொண்டாள். எல்லை சரி, மாடி சரி, முற்றம் சரி, பெயர் சரி. கையெழுத்துப் போடத் தெமெலினா பேனாவை எடுத்தாள்.

"இருங்க," என்றாள் செவஸ்தி. "கீழ் ரூம் எங்க?"

"அது நமக்குள்ள பேசினது. அதை எதுக்குடி எழுதிக்கிட்டு?" என்றாள் தெமெலினா.

"அம்மா, பெரியம்மாவை நாங்க வெளிய அனுப்பிருவோமா?" கலோதினாவின் முகம் சிவந்தது.

செவஸ்தி மகளைப் பார்த்தாள், நிக்கித்தாஸைப் பார்த்தாள். நல்ல பையன். ஆனால் அவனுக்கு ஒரு அம்மா இருக்கிறாள். நாளைக்குக் குழந்தைகள் வரும், வீடு சிறியதாகும், கீழ் அறையில் வெயில் நன்றாக வரும்.

"வாயால சொன்னதை வெச்சுக்கிட்டு எட்டு வருஷம் நான் தூங்கல," என்றாள். "எழுதுங்கம்மா. சாகிற வரைக்கும் கீழ் ரூம் இவளுக்கு. வாசல், மொட்டைமாடி, தண்ணி, கரண்ட், எல்லாம் போடுங்க. பின்னாடி யாரும் வந்து அது இதுல வராதுன்னு சொல்லக் கூடாது."

"பக்கத்தைத் திரும்ப அடிக்கணும். கட்டணமும் கூடும்," என்றாள் நோட்டரியம்மா.

"கூடட்டும்."

தெமெலினா தங்கையின் பக்கம் சாய்ந்தாள். "என்னடி, இப்போ யார் மேல சந்தேகம்?"

"உன் மேல இல்ல. சும்மா உக்காரு."

நோட்டரியம்மா தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவள் அடித்து முடிக்கும்வரை செவஸ்தி நாற்காலியில் சாயாமல், திரையில் ஏறும் ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.