ஊதி அணைத்த விளக்கு

பாரதிக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்திலும் ஆதார் அட்டையிலும் பாரதி. வீட்டுக்குள், அதுவும் கதவு சாத்தியிருந்தால் மட்டும், கிறிஸ்டினா. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதிலேயே பதினேழு வருஷம் ஓடிவிட்டது. அ, ஆ தெரிவதற்கு முன்பே, தெருவில் யாராவது பேரைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

காரணம் ஒரு காகிதம். இந்து ஆதிதிராவிடர் என்று எழுதிய சாதிச் சான்றிதழ். காலனியில் பிறந்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஊர் அவனைக் காலனிக்காரன் என்றுதான் சொல்லும். டீக்கடைக்காரன் அவனைப் பார்க்கிற பார்வை ஒரு சர்ச்சுக்குப் போய் வந்ததால் மாறிவிடாது. ஆனால் ஏசுவைக் கும்பிடுகிறான் என்று தெரிந்தால், சர்க்கார் மட்டும் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இது என்ன நியாயம் என்று கேட்டால் சட்டம் என்பார்கள்.

அவளுடைய அப்பா வேலாயுதத்துக்குப் பேரணாம்பட்டில் தோல் கம்பெனி வேலை. தோல் ஊறுகிற டிரம்முக்குப் பக்கத்தில் நின்று நின்று நகமெல்லாம் வெந்து போனவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு குடும்பத்தோடு பஸ் ஏறி, தெரிந்த முகம் தட்டுப்படாத வேலூர் சர்ச்சுக்குப் போய் வருவார். போகிற பஸ்ஸில் பாரதி பொட்டை அழிப்பாள், வருகிற பஸ்ஸில் வைத்துக்கொள்வாள். அங்கேயும் கடைசி வரிசைதான். பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைப்பாள். வீட்டில் கேட்கவே வேண்டாம். காலனி வீட்டுச் சுவர் அரைச் செங்கல் சுவர், பக்கத்து வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும்.

இந்த வருஷம் அந்தக் காகிதத்தின் பேரில் அவளுக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. பத்தாம் நாளே யாரோ பெயர் போடாமல் ஒரு மனு தட்டிவிட்டார்கள். இந்தப் பெண் கிறிஸ்தவள், சான்றிதழ் பொய் என்று. வெள்ளிக்கிழமை காலையில் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., நேரில் வந்து விசாரிப்பார் என்று தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தது.

"பொய்யின்னு எழுதிட்டா இன்னாப்பா ஆகும்?" என்று கேட்டாள் பாரதி.

"சீட்டு போயிடும். பொய் சர்ட்டிபிகேட் வாங்கனேன்னு என் மேல கேஸ் போடுவாங்க" என்றார் வேலாயுதம். சொன்னவர் உடனே எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி நின்றாலும் பாரதி கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பாள். குழாயடியில் சிரிக்கிறவர்களைப் பார்த்தால், மனு போட்டது இவளோ அவளோ என்று தோன்றும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பைபிள் அரிசி மூட்டைக்குள் போனது. ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாவை லீவு போட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்னால் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

முருகன் படமும் பித்தளை விளக்கும் பக்கத்து வீட்டு சௌந்தரம் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காதவள் அவள். அவள் மகள் பூர்ணிமா அன்று விடியற்காலையிலிருந்து குடியாத்தம் ஆஸ்பத்திரியில் இடுப்பு வலியோடு கிடந்தாள். தலைப்பிரசவம். சௌந்தரம் தன் வீட்டில் விளக்கேற்றி, குழந்தை பிறக்கும்வரை இது அணையாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போலயா அத்த?"

"சம்பந்தியம்மா கூட இருக்காங்க. உங்களுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட ஆளு வேணாமா?" என்றாள். திரி போடுவது எப்படி, எண்ணெய் எவ்வளவு, எந்தக் கையால் ஏற்றுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாள். அது பிறந்த குழந்தைக்கும் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

ஆர்.ஐ. மதியழகன் பத்து மணிக்கு வந்தார். அதட்டுகிற ஆள் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் பாரதிக்கு அதிகமாகப் பயம் கொடுத்தது.

"உங்க குலதெய்வம் எதும்மா?"

"கங்கையம்மன் சார்."

"எப்ப கூழ் ஊத்துவீங்க?"

"ஆடி மாசம் சார்."

ஒப்பித்து வைத்ததெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. கடைசியில் அவர் செல்போனை எடுத்து, "சாமி படத்துக்குப் பக்கத்துல ரெண்டு பேரும் நில்லுங்க, ஃபைலுக்கு ஒரு போட்டோ வேணும்" என்றார். திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "வெளிச்சம் மூஞ்சில அடிக்குது. அந்த விளக்க அமத்திடும்மா."

பாரதி குனிந்தாள். கிறிஸ்துமஸுக்கு மெழுகுவர்த்தியை அணைக்கிற மாதிரியே, கன்னத்தை உப்பி, ஃபூ என்று ஊதினாள்.

புகை மேலே போனது. மதியழகன் போனைக் கீழே இறக்கினார். வாசலில் நின்றிருந்த சௌந்தரத்தின் கை தானாக வாய்க்குப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது ஏதோ தப்பு என்று பாரதிக்குப் புரிந்தது. என்ன தப்பு என்பது அப்போதும் புரியவில்லை.

"எங்க வீட்ல சின்ன வயசுல ஒரு தடவ இப்பிடி ஊதி, எங்கம்மாகிட்ட அடி வாங்கனேன்" என்றார் மதியழகன் மெதுவாக. "வெள்ளிக்கிழம விளக்க வாயால ஊதுவாங்களா? பூவால அமத்துவாங்க, இல்ல திரிய உள்ள இழுப்பாங்க. விளக்கேத்தற வீட்ல பொறந்த பொண்ணுக்கு இது தெரியாதா?" ஆர்.ஐ. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இந்தத் தெருவுல நாங்க எல்லாருமே வாயாலதான் சார் ஊதறது" என்றாள் சௌந்தரம்.

"அப்பிடியா? உங்க வீட்ல விளக்கு எரியுதா?"

"எரியுது."

"ஊதுங்க, பாக்கலாம்."

வேண்டாம் அத்தை என்று பாரதி கத்த நினைத்தாள். கத்தினால் அப்பாவுக்கு ஜெயில். அவள் கத்தவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் பிறகு அழுதது வேறு கதை. எல்லாரும் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார்கள். சௌந்தரம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். மகளுக்காக வைத்த சுடர் அசையாமல் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஊதினாள்.

"பாத்தீங்களா சார்?" என்றபோது அவள் உதட்டில் ரத்தமே இல்லை.

மதியழகன் அணைந்த திரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதை நம்பினாரோ, எதற்கு இரங்கினாரோ, யார் கண்டது? இந்து வழக்கப்படி வாழ்கின்றனர் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மூன்று மணிக்குப் படத்தையும் விளக்கையும் திருப்பிக் கொடுக்கப் போனாள் பாரதி. சௌந்தரம் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது அணைந்தபடியே இருந்தது.

"போன் வந்துச்சா அத்த?"

"இல்ல. ஆபரேசன் ரூமுக்குக் கொண்டு போய்ட்டாங்களாம். அதோட ஒன்னும் தெரியல." பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியைக் காட்டினாள். "ஏத்தலாம்னு பாக்கறேன், கை வரமாட்டேங்குது. ஊதனவ எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரும்ப ஏத்தறது?" பிறகு பாரதியின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ உங்க சாமிகிட்ட சொல்லுடி. பூர்ணிமாவுக்காக."

பாரதி தெருவைப் பார்த்தாள். சௌந்தரமும் பார்த்தாள். எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவைத் தானே சாத்தினாள், தாழ்ப்பாளும் போட்டாள்.

பாரதி முழங்கால் போட்டாள். கண்ணை மூடினாள். சௌந்தரம் பக்கத்தில் குந்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, சத்தமே வரல? வாய் விட்டுச் சொல்லு, எனக்கும் கேக்கட்டும்."

பாரதி முயன்று பார்த்தாள். ஏசுவின் பெயருக்கு உதடு அசைந்தது, சத்தம் எழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வழிந்தது.

"எனக்கு சத்தமா சொல்ல வராது அத்த" என்றாள். "நான் சொன்னதே இல்ல."