கார் ஷெட்டுக்கு மேல் ஒரு பச்சை நிலா

ஒரு பழைய மேசை விளையாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்பு கடைக்கு வந்த செவ்வாய்க்கிழமை, அதிலிருந்து நீக்கப்பட்ட பச்சை நிலா அமெரிக்காவின் ஷெபாய்கன் நகரில் மார்லிஸ் ட்வைட்டின் கார் ஷெட்டுக்கு மேல் வந்து நின்றது. பூசணிக்காயைவிடச் சற்றுப் பெரிது, பகலிலும் அணையாது. அதே வாரம் ஊரில் சீஸ் விலையும் ஏறியிருந்தது.

நிலா ஓர்வென் நாட்டைச் சேர்ந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் மேசை விளையாட்டுக்காக யாரோ கற்பனை செய்த நாடு அது. அதை வெளியிட்ட கம்பெனி மூடிப்போன பிறகும், குளிர்காலத்தில் நகராட்சியின் பனி அள்ளும் லாரியை ஓட்டிக்கொண்டே, சனிக்கிழமைதோறும் தன் வீட்டு நிலவறையில் ஓர்வெனை உயிரோடு வைத்திருந்தவள் மார்லிஸ். வேறொரு கம்பெனி அதை மறுபடியும் கொண்டுவருகிறது என்றதும் லீவு போட்டு கேக் சுட்டாள். வந்ததோ வழவழ தாளில் ஒரு ஏமாற்றம். துறைமுகத்துத் திருடர்கள் எல்லாரும் நல்லவர்களாகியிருந்தார்கள். தன் வெளிச்சத்தில் எவரும் பொய் சொல்ல முடியாத பச்சை நிலா, ஆட்டத்தை இழுக்கிறது என்று தூக்கப்பட்டிருந்தது. மார்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைவிட மோசம், எழுதியவர்கள் பெயர்களில் டுவேன் கவால்கே இருந்தான். இத்தனை வருஷமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவன். சனிக்கிழமை மேசை இனி கிடையாது என்று அவள் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாள்.

நிலா தன் வேலையைப் பார்த்தது. பரிசு வாங்கிய உருளைக்கிழங்கு சாலட் கடையில் வாங்கியது என்று பக்கத்து வீட்டுக்காரி அதன் கீழே நின்று ஒப்புக்கொண்டாள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள் தெருவையே மாற்றிக்கொண்டார்கள். அதை அகற்ற கிரேனோடு வந்த நகராட்சித் தலைவர், "எங்களுக்கு ஒண்ணும் புரியலம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஜனங்கள் மடக்கு நாற்காலியும் பீரும் கொண்டுவந்து உட்கார்ந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் டுவேன் வந்து, வெளிச்சத்துக்கு வெளியே தெருவோரமாக நின்றான்.

"ஏன்யா அந்த நிலாவ வெட்டின?"

"ஆட்டம் இழுக்குதுன்னுதான், மார்லிஸ்."

"அத இங்க வந்து சொல்லு பாப்போம்."

"வேணாம், விட்டுரு."

"அப்ப போயிரு. இனி இந்தப் பக்கம் வராத."

அவன் போகத் திரும்பினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிலாவுக்குக் கீழே வந்துவிட்டான்.

"ஆட்டத்துல பச்ச நிலா வர்றப்பல்லாம் என் திருடன் காய்ச்சல்னு படுத்துக்குவானே, கவனிச்சியா? வெளிய வந்தா நீ ஏதாவது கேப்ப, நான் உளறிடுவேன். அந்தப் பயத்துலதான் வெட்டினேன். எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது மார்லிஸ். ஒருநாளும் பிடிச்சதில்ல. உன்னப் பாக்கத்தான் வந்துட்டிருந்தேன்."

மார்லிஸ் படியிறங்கி அவனருகே, அதே வெளிச்சத்தில் வந்து நின்றாள்.

"உன் புத்தகம் படு குப்ப," என்றாள். "நீ போகாத."

யாரோ பீர் பாட்டிலைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

அதன்பின் சனிக்கிழமை மேசை கார் ஷெட்டுக்கே மாறியது. வெளிச்சம் போதுமானதாக இருந்ததால் நகராட்சி அங்கிருந்த தெருவிளக்கைக் கழற்றி வேறு தெருவுக்குக் கொண்டுபோனது. டுவேன் வாராவாரம் எல்லார் முன்னாலும், "செம போரு," என்று வாய்விட்டுச் சொல்லி, இப்போது மனைவியாகிவிட்ட மார்லிஸின் தட்டிலிருந்து ஒரு சாஸேஜை எடுத்துக்கொண்டு, பகடையை உருட்டினான்.