கல்யாணத்தில் ஒலித்த அடி

தன்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் காவியாவின் கல்யாணத்தில் அவளை அசத்திவிட வேண்டும் என்று நினைத்தாள் தமிழ்செல்வி. ஓசூர் கம்பெனியில் இருவருக்கும் இரண்டு வருடப் பழக்கம். லீவு நாட்களில் விசேஷங்களுக்குக் கீபோர்டு வாசிப்பவள் தமிழ்செல்வி. இடது கையால் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் தாளமும் பக்கவாத்தியமும் தானாக ஓடுகிற கீபோர்டு. ஆனால் அதில் வாங்கும்போதே இருந்த இந்தியத் தாளம் என்றால் தபலாவும் டோலக்கும்தான். தன் விருதுநகர்ப் பக்கத்து நையாண்டி மேளத்தை அவளே பிறகு ஏற்றியிருந்தாள். இப்போது கர்நாடக எல்லையை ஒட்டிய காவியாவின் ஜவளகிரிப் பக்கத்துத் தமட்டைப் பறையின் அடி வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் போட்டிருந்த இருபது நொடி வீடியோவிலிருந்து சத்தத்தை வெட்டியெடுத்து, மூன்று வாரம் மெனக்கெட்டு ஒரு தாளமாக்கினாள். காவியாவிடம் மூச்சு விடவில்லை.

முகூர்த்தக் காலை. மண்டப வாசலிலிருந்து பெண்ணை அழைத்து வரும் நேரம் பார்த்துப் பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கரில் தமட்டை அதிர்ந்தது.

நாலே சுற்றுதான். முன்வரிசைப் பெண்களின் முகம் சுண்டிப்போனது. "அய்யோ சிவனே, இதேனு?" என்று ஒருத்தி கன்னடத்தில் அலறினாள். காவியாவின் அம்மா மாரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் சென்னப்பன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நிறுத்தும்மா! யாரு சாவுக்கு அடிக்கிற இத?"

பதற்றத்தில் விரல் வேறு பட்டனில் பட்டது. தாளம் இன்னும் வேகமெடுத்தது. சென்னப்பன் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

"பாடை தூக்கறப்ப அடிக்கிற அடிம்மா அது. எம் மருமவ மாலையும் கழுத்துமா வரா, நீ பொணத்துக்கு அடிக்கிறியா?"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். "வேற நாள் பாத்துக்கலாம்" என்று ஒரு குரல் வந்தது. வீடியோ போட்டவர் மேல் பழியைத் தள்ள நாக்கு நுனி வரை வந்ததைத் தமிழ்செல்வி விழுங்கினாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன்யா. யார்கிட்டயாவது கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு எம்மேலதான்."

அப்போது காவியா, கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக நடந்து கீபோர்டின் அருகே வந்தாள்.

"ஒயரச் சொருகுங்கக்கா."

"வேணாம் காவியா..."

"சொருகுங்க. எங்கூரு கல்யாண அடி இப்பிடி இருக்கும்." மாலை அசைய அவளே கைதட்டிக் காட்டினாள்.

தானாக ஓடும் தாளத்தைத் தமிழ்செல்வி தொடவே இல்லை. தமட்டைச் சத்தத்தை மட்டும் இரண்டு கட்டைகளில் வைத்து விரலால் அடித்தாள். தப்பியது. காவியா தலையை ஆட்டி மறுபடி தட்டினாள். மறுபடியும் தப்பியது. மூன்றாம் முறை பிடிபட்டது. பின்னாலிருந்து ஒரு பெண் சேர்ந்து தட்டினாள், பிறகு நாலைந்து பேர். கடைசியில் மாரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காவியா மணமேடைக்கு நடந்தாள். தாலி ஏறும்வரை தமிழ்செல்வி விரலை எடுக்கவில்லை.

"நீ என்னத்தக் கண்ட, போ. சாப்புடு வா" என்று மாரம்மா அவள் கையைப் பிடித்தாள்.

சென்னப்பன் மட்டும் பந்தியில் உட்காரவில்லை. தமிழ்செல்வி வாசலுக்கு ஓடினாள். "ஐயா" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.